சிவப்புக் கொடிக்குக் கீழே ஒரு விரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னல் சீட்டுச் சண்டையில் கிடைத்தது. சண்டையில் தோற்றது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், பின்னால் யாரும் பஸ்ஸில் விசாரித்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக மறைமலை நகர் போகும் எங்கள் கம்பெனி ஷிப்ட் பஸ். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அந்தோணிமேரி அக்கா கேன்டீன். நாற்பதைத் தாண்டியவர், கையும் வாயும் ஒரே வேகத்தில் வேலை செய்யும். நான் துண்டு போட்டு இடம் பிடித்திருந்த சீட்டில், துண்டின் மேலேயே உட்கார்ந்தார். "துண்டு எந்த டிபார்ட்மென்ட்டு சார்? பன்ச் அட்ச்சிச்சா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் பக்கத்து சீட்டில் அடங்கி உட்கார்ந்தேன்.

ஒரகடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் வெளியே கை நீட்டினார். "தோ, இந்த எடத்துலதான் சார் என் கால் வெரலுக்கு வைத்தியம் நடந்துச்சு. வெயில்ல. செகப்புக் கொடியக் கட்டிகினு, மூஞ்சி பாக்குற கண்ணாடிய வச்சிகினு."

"வெயில் வைத்தியமா?"

"ஆமா. லைட்டு வைத்தியம். கரண்ட்டு இல்லாத லைட்டு."

"விரல் என்ன ஆச்சு அக்கா?"

அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அவர் காலைப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த கறுப்புக் கான்வாஸ் ஷூ, உள்ளே சாக்ஸ். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விக்காக நான் எழுதிய கதை. பதில் கிடைக்கும் என்று நம்பித்தான் எழுதத் தொடங்கினேன்.

2

தொடக்கம் எழுதுவது ஒரு பெரிய பேஜார். பாருங்கள்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில், பிள்ளைப்பாக்கம் ஏரியின் மேல் காலை வெயில் பொன்னிறமாக—"

(ஏரி அந்தக் கோடையில் வறண்டு கிடந்தது. பொன்னிறம் எங்கே விழும்? அடித்துவிட்டேன்.)

"வலி என்பது மனிதனின் ஆதி மொழி—"

(சே. யார் எழுதியது இதை?)

"கடப்பாரை விழுந்தது."

இது! இரண்டே வார்த்தை. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"கடப்பாரை இல்ல சார். கருங்கல்லு."

"கடப்பாரைதான் அக்கா கதைக்கு நல்லா இருக்கு."

"உங்க கால்ல வுழுந்தா தெரியும், எது நல்லா இருக்குதுன்னு."

சரி. கருங்கல் விழுந்தது.

அப்போது அந்தச் சாலை இப்படித் தார் மின்னிக்கொண்டு இல்லை. மண் ரோட்டைத் தார் ரோடாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் முள்ளும் பொட்டலும். வேலைக்காரர்கள் சாலையோரமே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கி, ரோடு நகர நகரக் கொட்டகையையும் பிடுங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தோணிமேரி ஜல்லி சுமக்கும் பெண்களில் ஒருத்தி. லாரியிலிருந்து உருண்ட கல் அவளுடைய இடது காலில், கட்டை விரலுக்கு அடுத்த விரலில் விழுந்தது.

அடுத்த விரல் என்றால் எது என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெட்டி போடும் விரல். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

3

மாப்பிள்ளை யாக்கோபு. ஒன்றுவிட்ட அத்தை மகன், அதே வேலையில் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். இந்த ஆளைத்தான் எனக்கு எழுதவே வரவில்லை. ஆள் ரொம்ப நல்லவர். கோபப்படமாட்டார், குடிக்கமாட்டார், யாராவது திட்டினால் "அப்டியா?" என்பார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளன் உருப்பட முடியும்?

அதனால் ஒரு வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன். அடிபட்டதும் நழுவி ஓடப் பார்க்கிறார், "விரல் இல்லாத பொண்ணு எனக்கெதுக்கு" என்று பல்லைக் கடிக்கிறார். பஸ்ஸில் வாசித்தேன். கேன்டீன் பெண்கள் அத்தனை பேரும் என் மேல் பாய்ந்தார்கள். அந்தோணிமேரி அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு ஓடுவாரா? ரோலர் ஓட்டி ஓட்டி அவருக்கு ஓடவே தெரியாது சார்! அவரு வண்டிய எருமை மாடு தாண்டிப் போவும். போம்போது திரும்பிப் பாத்துட்டுப் போவும்."

ஆக, 'வூட்டுக்காரரு'. கல்யாணம் நடந்துவிட்டது என்பது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. கதையின் பாதி மர்மத்தை அவர் ஒரே வார்த்தையில் போட்டு உடைத்துவிட்டார். நான் கஷ்டப்பட்டு மறைத்து வைத்திருந்தேன்!

கெட்டவர் வேண்டும் என்றால் கதையில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். யாக்கோபின் அம்மா, பென்னலூர் கங்கம்மாள். ஞானஸ்நானப் பெயர் எஸ்தர். அந்தப் பெயரில் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பார். கோயிலில் மோதிரம் மாற்றினால் போதும் என்று பாதிரியார் சொன்னபோது, "உங்க மோதரம் கைக்கு. என் மெட்டி காலுக்கு. ரெண்டும் வேணும்" என்று சொன்ன பெண்மணி. அடிபட்ட செய்தி போனதும் ஆள் அனுப்பினார்: "மெட்டி போட வெரலு இருந்தா மருமவ. இல்லன்னா அண்ணன் பொண்ணு, அவ்ளோதான்."

4

ஆஸ்பத்திரிக்குப் போன காட்சியை நான் நாலு விதமாக எழுதினேன். நடந்ததைப் போல ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் நடந்தது இது: யாக்கோபு அவளை ரோடு ரோலரில் ஏற்றிக் கூட்டிப் போனார்.

வேறு வண்டி இல்லை. அந்த வழியில் ஒரு தனியார் பஸ் போகும். கொட்டகை இருந்த இடத்தில் ஸ்டாப்பிங் கிடையாது, கை காட்டினால் டிரைவர் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போவார். மேஸ்திரி வெளியூர் போயிருந்தார். காய்ச்சல் அடிக்கும் பெண்ணை ரோலரின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைத்து, விடிந்ததும் கிளம்பி, வெயில் தலைக்கு ஏறி இறங்கத் தொடங்கும்போது அந்த மிஷன் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போன வழியெல்லாம் ரோடு சமமாகிவிட்டது.*

டாக்டரம்மா கட்டைப் பிரித்து, கறுத்துப்போன விரலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தினமும் வரணும். ஊசி, புதுக் கட்டு, அப்புறம் லைட்டு. சனிக்கிழமைக்குள் நிறம் திரும்பலைன்னா விரலை எடுத்துடணும், விட்டால் காலே போகும். மூலையில் ஒரு ஸ்டாண்டில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பெரியவர் முழங்காலை நீட்டிக்கொண்டு சுகமாகக் கண்ணை மூடியிருந்தார். டாக்டரம்மா பேசியது முழுவதிலும் யாக்கோபின் மூளையில் பதிந்தது அந்தச் சிவப்பு பல்புதான்.

"தெனமும் எப்டி மேரி வர்றது? வண்டியத் தொட்டா மேஸ்திரி என்னிய உருட்டிப்புடுவாரு."

"வெரலு போனா போவுது வுடு மாமா."

"ஐய, நீ சும்மா இரு. ஊசிதான் அங்க கீது. லைட்டு எங்க வேணா கீது."

(இங்கே அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். "நான் எங்க சார் அழுதேன்? அழுதது அவரு" என்று திருத்தினார் அக்கா. அப்படியே விடுகிறேன்.)

* இது அக்கா சொன்ன வாக்கியம். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

5

இனி வைத்தியம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுதும்போது என் பேனா என்னைக் கேட்காமலேயே ஓடியது.

முதல் முயற்சி: சாலை வேலை நடக்கும் இடத்தில் ராத்திரிக்கு வைப்பார்களே, சிவப்புக் கண்ணாடி போட்ட லாந்தர், அதில் இரண்டைக் கொண்டுவந்து பட்டப்பகலில் கொளுத்தி, விரலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் வைத்தார் யாக்கோபு. மண்ணெண்ணெய்ப் புகையில் கொட்டகையே இருமியது. "எதுக்கு மாமா, வறுத்துத் துண்ணப் போறியா?" என்று கேட்டுவிட்டு அவள் நல்ல காலால் ஒரு லாந்தரை எட்டி உதைத்தாள். அது உருண்டுபோய்த் தார் டிரம்மில் மோதி நின்றது. தார் பற்றிக்கொள்ளவில்லை. பற்றியிருந்தால் கதைக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று யோசிக்கிற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாவது முயற்சி: சூரியன். யாக்கோபு சாலையோரம் நாலு சவுக்குக் கழி நட்டு, வேலை நடக்கும் இடத்தில் வண்டிகளை நிறுத்தக் காட்டும் பெரிய சிவப்புக் கொடியை மேலே பந்தலாகக் கட்டினார். ஏன் சாலையோரம் என்றால், மரநிழல் விழாத இடம் அதுதான். கவிழ்த்த ஜல்லிக் கூடை மேல் அவளுடைய கால். வெயில் துணி வழியாக இறங்கிச் சிவப்பாக விழுந்தது. போதவில்லை என்று தான் சவரம் செய்யும் கண்ணாடியைக் கையில் பிடித்து, வெயிலைத் திருப்பித் துணி மேல் அடித்தார். விரல் மேல் ஒரு சிவப்பு வட்டம் வந்து உட்கார்ந்தது. சின்னதாக, நடுங்கிக்கொண்டே.

"சூடா கீதா மேரி?"

"கீது."

"வலி?"

"கீது."

"அப்பால இன்னா?"

"உன் மூஞ்சியும் செகப்பா கீது மாமா. கொரங்காட்டம்."

(அடைப்புக்குறிக்குள் ஒரு எச்சரிக்கை. சிவப்புத் துணி வழியாக வரும் வெயில் புண்ணை ஆற்றுமா? எனக்குத் தெரியாது. நான் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற ஆள். சிவப்பாக இருந்ததால்தான் அந்த பல்பு மருந்தாச்சு என்று யாக்கோபு நினைத்தார்; சாலையில் வேலை செய்கிறவருக்குச் சிவப்பு என்றால் ஆபத்தைத் தடுக்கிற பொருள், அவர் வேறு எப்படி நினைப்பார்? நீங்கள் காலில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கதையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.)

6

இப்போது நான் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கதாசிரியன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். திருப்பம் தானாக வருகிறது, ஹாரன் அடித்துக்கொண்டு.

அந்தப் பஸ். ஒரு நாளும் நிற்காத பஸ். தூரத்தில் சாலையோரம் சிவப்புக் கொடி. கொடிக்குள்ளிருந்து பளிச் பளிச்சென்று கண்ணில் அடிக்கும் வெளிச்சம். டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டு முன்சீட்டுக்கு வந்துவிட்டது. கண்டக்டர் எல்லப்பன் குதித்து இறங்கி ஓடிவந்தார்.

"இன்னாய்யா ஆச்சு? பாலம் வுழுந்துச்சா?"

"பாலம் இல்லீங்க. வெரலு."

"இன்னாது?"

"லைட்டு வைத்தியம் நடக்குது."

எல்லப்பன் கொடியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், குனிந்து விரலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய கோபம் பாதி வழியில் எங்கோ இறங்கிப் போயிருந்தது. அதற்குள் பஸ்ஸே இறங்கி வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் துணி கட்டச் சொன்னார். ஒரு அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டே விட்டார், கொடியைப் பார்த்து ஏதோ கோயில் என்று நினைத்து.

"கறுத்துகினு வர்றது தெரியல? இத்த வச்சிகினு வெயில் காயறீங்களா? ஏறும்மா வண்டில. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி வுடறேன்."

"தெனமும் வரணும்னாங்க அண்ணே," என்றாள் அந்தோணிமேரி, விட்டால் போச்சு என்று.

எல்லப்பன் யோசித்தார். அந்தக் காலத்துக் கண்டக்டர், ரூலுக்கு நடுங்குகிறவர். ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் தினமும் நிறுத்தினால் செக்கிங் இன்ஸ்பெக்டர் தொலைத்துவிடுவார்.

"செகப்புக் கொடி இருந்தா நாங்க நிறுத்தியே ஆவணும். அது ரூலு. கொடி இல்லன்னா நிறுத்தமாட்டேன். புரிஞ்சுதா? தெனமும் கொடியக் கட்டு. கண்ணாடியும் அடி, டிரைவருக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு."

அன்றிலிருந்து ரோடு நகர்ந்தது, கொட்டகை நகர்ந்தது, கொடியும் நகர்ந்தது. பஸ் வருகிற வரைக்கும் விரலுக்கு வெயில், வந்ததும் ஆஸ்பத்திரி, ஊசி, கட்டு, நிஜமான சிவப்பு பல்பு. மருந்தைவிட அந்தக் கொடிதான் வேலை செய்தது என்று நான் எழுதினால் டாக்டரம்மா கோபிப்பார். மருந்துதான் வேலை செய்தது என்று எழுதினால் யாக்கோபு "அப்டியா?" என்பார். எனக்கு அது இன்னும் கஷ்டம்.

7

வெள்ளிக்கிழமை கங்கம்மாள் நேரில் வந்துவிட்டார். பென்னலூரிலிருந்து, விரலைப் பார்க்க. இந்தக் காட்சிக்காகத்தான் நான் முழுக் கதையையும் தாங்கிக்கொண்டிருந்தேன்.

பஸ் வரும் நேரம். கட்டு அவிழ்த்த கால் கொடிக்குக் கீழே இருக்கிறது. அத்தை குனிந்து பார்க்கிறார். கொடிக்குக் கீழே எல்லாமே சிவப்பு: பாதம், கூடை, ஜல்லி, அத்தையின் வெள்ளை முடி. கறுத்த விரல் எது, நல்ல விரல் எது என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

"அஞ்சும் ஒரே மாதிரிதான கீது!"

"ஆமா அத்த."

"அப்பறம் இன்னாத்துக்கு ஊரக் கூட்டிகினு கீறீங்க? வெளிய நீட்டுடி, நல்லா பாக்கறேன்."

யாக்கோபு முதன்முறையாக வேகமாக ஒன்று செய்தார். "வெளிய எடுத்தா லைட்டு பவரு போயிரும்மா" என்றார். கங்கம்மாள் வெடுக்கென்று பின்னால் நகர்ந்தார். பவருக்கு அவர் பயப்படுவார். புதிதாக வந்த கரண்ட்டுக் கம்பத்தைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். சரியாக அந்த நேரம் பஸ்ஸும் வந்து சேர்ந்தது.

8

சனிக்கிழமை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி அறைக்குள் இரண்டு பேர் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வெளியே வந்தபோது பாதம் முழுக்க வெள்ளைக் கட்டு. உள்ளே என்ன நடந்தது?

முடிவு அ: டாக்டரம்மா கட்டைப் பிரிக்கிறார். விரல் இளஞ்சிவப்பாகத் திரும்பியிருக்கிறது. "என்ன செய்தீர்கள்?" என்று வியக்கிறார். (டாக்டர் வியப்பது எனக்கே பிடிக்கவில்லை. அவர் போட்ட ஊசி அது.)

முடிவு ஆ: விரல் போய்விட்டது. யாக்கோபு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுகிறார். அவள், "அஞ்சுல ஒண்ணு போனா நாலு இல்ல? அழுவாத மாமா" என்கிறாள். (இதை எழுதும்போது நான் அழுதேன். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இ: விரல் பாதி—

"பாதியா!" என்று அக்கா சீறினார். "அது இன்னா சார் முறுக்கா?"

கல்யாணம் நடந்தது, அது மட்டும் உறுதி. கட்டோடுதான் கோயிலுக்குள் வந்தாள். மோதிரம் மாற்றியதும் வாசலில் யாக்கோபு குனிந்து, ஒரு மெட்டியை வலது காலிலும், இன்னொன்றைக் கட்டுத் துணிக்கு மேலேயே செருகியும் போட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துணிக்குள் விரல் இருந்ததா, சுருட்டி வைத்த பஞ்சு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. கங்கம்மாள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில் சுளுக்கிக்கொண்டது.

கட்டு பிரிக்கும் நாளில் யாக்கோபு மெட்ராஸ் போய் சாக்ஸ் வாங்கி வந்தார். ஜல்லி சுமக்கும் பெண் காலில் சாக்ஸ்! ஒரகடம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. குளிக்கும்போது கதவு சாத்தல், தூங்கும்போது சாக்ஸ். கங்கம்மாள் விடுவாரா? எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்றார், முள் எடுத்துவிடுகிறேன் என்றார், சாக்ஸைத் துவைத்துப் போடுகிறேன் என்றார். ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டரம்மாவை விட்டால், உலகத்தில் அந்த இடது காலைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

9

நேற்று நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"அக்கா, இருக்கா இல்லையா? ஒரே வார்த்தை. கதையை முடிக்க முடியலை."

அக்கா குனிந்து ஷூ லேஸில் கை வைத்தார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க எழுதறது புஸ்தகத்துல வருமா?"

"வரும்."

"வந்தா எங்கூர்ல யாராச்சும் படிப்பாங்க இல்ல?"

"படிக்கணும்னுதான் எழுதறேன்."

"படிச்சா அத்தைக்கிட்ட சொல்லுவாங்க."

"அத்தை இன்னும் இருக்காங்களா!"

"கீது சார். கல்லாட்டம் கீது. போன மழைக்கு நெஞ்சுல சளி கட்டி, பாதர் வந்து சாவுறதுக்கு முன்ன பூசற எண்ணெயப் பூசிட்டே போயிட்டாரு. எல்லாரும் சுத்தி நின்னு அழுவறோம். அப்போ என் கையப் புட்சிகினு, 'இப்பவாச்சும் அந்த வெரலக் காட்டேன்டி'ன்னுச்சு. இவரு என்னியப் பாத்தாரு. நான் சொன்னேன், 'எழுந்து உக்காந்து கஞ்சி குடி அத்த, காட்டறேன்'னு. குடிச்சுதே! முழுசா குடிச்சுது. அப்பால ஒடம்பு தேறுனப்புறம் காட்டறேன்னேன். தேறிட்ச்சு. இப்ப கோயிலு திருவிழாவுக்கு நடந்து வந்தா காட்டறேன்னு சொல்லிகிறேன். கோலு வச்சிகினு தெருவுல நடந்து பழவுது சார், தெனமும். என்னியத் திட்டிகினே."

அவர் சிரித்தார். கண் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க எழுதிட்டா, அது எதுக்கோசரம் சார் நடக்கும்?"

லேஸை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.

ஆகவே, என் வாசகரே, இந்தக் கதையை நான் முடிக்கவில்லை. எனக்கு முடிக்கத் தெரியாமல் இல்லை. மேலே மூன்று வைத்திருக்கிறேன், பார்த்தீர்கள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள். விரலை வைத்தாலும் சரி, எடுத்தாலும் சரி, மனசுக்குள்ளேயே இருக்கட்டும். பென்னலூர் பக்கம் போனால் மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். கங்கம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.